தவமணி மிஸ் திருப்பி ஒட்டிய பெட்டி

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மறைத்தாலும் அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் சுப்பவைசர் தவமணி மிஸ்ஸின் சாவு வீட்டுக்கு நான் சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டுதான் போனேன். தையல் எல்லாம் வெளியே, லேபல் பிடரியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே எங்கள் தோட்ட லயத்து வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் மகள் சுபா ஃபோன் பண்ணினாள்.

"பெரியம்மா, அம்மா போயிட்டாங்க."

"இன்னிக்கு லீவாச்சே, எங்கடி போனாங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. விடியற்காலையில் நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டதாம். கையில் கிடைத்த சட்டையை மாட்டி, மேலே பச்சை சுவெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாவு வீட்டில் கூட்டம். புழுக்கம் தாங்காமல் சுவெட்டரைக் கழற்றினேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த எங்கள் பேக்கிங் மேசை யோகேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு என் காதில் சொன்னாள்: "அக்கா, ஒங்க லேபல் வெளிய நிக்குது. மிஸ் பாத்திருந்தா ஒங்கள திருப்பி அனுப்பியிருப்பாங்க."

அவ்வளவுதான். எங்கள் காமென்ட் ஃபேக்டரியிலிருந்து வந்திருந்த பத்துப் பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம். பார்த்தவர்கள் தாங்க முடியாத துக்கம் என்று நினைத்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி சுபா கேட்டபோது, "நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ, கொப்பியையே ஒழுங்கா பாத்ததில்ல" என்றேன். "நீங்க பேசுறத எழுதுங்க பெரியம்மா, போதும்" என்றாள். மிஸ்ஸைத் தெரிந்த நீங்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள். பிழை இருந்தால் அவரைப் போலத் திருத்திக்கொள்ளுங்கள். அவரைப் போல மூன்று தடவை திருப்பி அனுப்பாதீர்கள்.

தவமணி மிஸ் எங்கள் காமென்டில் பேக்கிங் பகுதிக்கு சுப்பவைசர். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னைப் 'புஷ்பாக்கா' என்பார். தைத்து முடிந்த உடுப்புகள் எங்கள் மேசைக்கு வரும். மடித்து, பொலித்தீன் பையில் போட்டு, அளவு ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, டேப் அடித்து, பெட்டிக்கு லேபல் ஒட்டி அனுப்ப வேண்டும். கேட்பதற்குத் தேயிலைக் கொழுந்து மூட்டை கட்டுகிற வேலை மாதிரி இருக்கும். இல்லை. உடுப்பு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தடித்த புத்தகம் அனுப்பியிருந்தது. எந்த லேபல் எங்கே, கழுத்துத் தையலிலிருந்து எவ்வளவு தள்ளி, பைக்கு எத்தனை ஓட்டை, பெட்டியில் எந்த அளவு எத்தனை, எல்லாம் அதில் இங்கிலீஷில் இருந்தது. மிஸ் அதை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். அளந்து பார்க்கக் கையில் எப்போதும் ஒரு குட்டி இரும்பு அடிமட்டம் வைத்திருப்பார். கோயில் பூசாரிக்கு வேப்பிலை மாதிரி, அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

நான் வாய் ஓயாதவள். உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பெட்டியில் உடுப்பை அடுக்கிக்கொண்டே, என் வீட்டுக்காரர் சேவல் என்று நினைத்துக் கோழியை விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு போட வேண்டிய பெட்டியில் இருபத்து மூன்றைப் போட்டு மூடிவிட்டேன். மிஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"புஷ்பாக்கா, எண்ணிட்டுப் பேசுங்க. இல்லாட்டி பேசிட்டு எண்ணுங்க. ரெண்டையும் ஒண்ணா செய்யாதீங்க."

"வாய்க்கும் கைக்கும் என்னங்க மிஸ் சம்பந்தம்?"

"ஒங்களுக்கு ரெண்டும் ஒரே நரம்புங்க."

மழை மாதங்களில் எங்கள் ஊரில் சுவரே வியர்க்கும். ஸ்டிக்கர் ஒட்டினால் அரை மணி நேரத்தில் ஓரம் சுருண்டு எழும்பிவிடும். எழும்பின ஸ்டிக்கர் புத்தகப்படி கூடாது. மிஸ் ஸ்டிக்கர் சுருள்களை எல்லாம் எடுத்துப்போய் அயன் மேசைக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்து, ஒரு துண்டால் போர்த்திவிட்டார்.

"என்னங்க மிஸ், ஸ்டிக்கருக்குக் காய்ச்சலா? கொத்தமல்லித் தண்ணி வச்சிக் குடுக்கவா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மாலையில் பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும்வரை அது அங்கேயே இருந்தது. ஓரம் எழும்பவே இல்லை.

இப்போது அந்தப் பெட்டியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் காமென்ட் சின்னது. அதுவரை கொழும்புக்காரர்கள் தரும் வேலையைத்தான் செய்தது. நேராக வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் ஓர்டர் வந்தது. பிள்ளைகளுக்கான ஜாக்கெட். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "வாங்குற கம்பெனிக்காக சோதிக்க வர்ற நோனா பெயில் போட்டா, இனி பேக்கிங்க கொழும்புலயே செஞ்சிக்குவாங்க. இந்த மேசைய மூடிருவோம்." பதினொரு பேர். தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிவிட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர். மேசை போனால் திரும்பக் கொழுந்துக் கூடை தூக்கக் கூட இடம் இல்லை.

ஒரு வாரம் இராப்பகலாக யோசித்தது நான்தான் என்று நினைக்கிறேன். நாம் தேயிலைச் செடி வெட்டுகிற புதுக் கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைப்போம். புது லொறிக்கு வைப்போம். புது மெஷினுக்கு வைப்போம். கடல் தாண்டிப் போகிற முதல் பெட்டிக்கு ஒன்றும் வைக்காமல் அனுப்பினால் எப்படி? மாரியம்மன் கோயிலிலிருந்து சந்தனமும் குங்குமமும் மடித்துக் கொண்டுபோனேன். அந்த நோனா அம்மா வருகிற அன்று மத்தியானம், மிஸ் ஒஃபீசில் இருந்த நேரம், ஒன்றாம் நம்பர் பெட்டியில் லேபலுக்கு மேலே தாராளமாகச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள். ஒருத்தி குலவை போடப் பார்த்தாள்.

மிஸ் வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"யாரு வச்சது?"

பத்துப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நாந்தாங்க மிஸ். மொதப் பெட்டி. நல்லபடியா போய்ச் சேரணும்ல."

"பெட்டிக்கு வெளிப்பக்கம் லேபலத் தவிர ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கறை இருக்கப்படாதுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனா இல்லையாங்க?"

"கறை இல்லீங்க மிஸ். சாமி."

"சாமிதாங்க. ஆனா அந்தப் புத்தகத்துல சாமிக்கு எடம் ஒதுக்கல."

நான் பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். அதுதான் இரண்டாவது பிழை. ரூபாய்க் காசுக் குத்தி அளவு இருந்த பொட்டு ரொட்டி அளவு ஆனது. வேறு பெட்டி இல்லை. ஓர்டருக்கு எத்தனை வேண்டுமோ அத்தனைதான் வந்திருந்தது. நோனா வர இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"அடியில போட்டு அடுக்கிருவோம் மிஸ். நோனா எல்லாப் பெட்டியையுமா தூக்கிப் பாக்கப் போறாங்க?" என்றாள் யோகேஸ்வரி. எல்லாருக்கும் அதுதான் சரி என்று பட்டது. எனக்கும்தான்.

மிஸ் தலையை ஆட்டினார். "ஒளிச்சா அது தப்பு. மாத்துனா அது வேல. பிளேட எடுங்க."

உடுப்பை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். லேபலை உரித்தார். பெட்டியின் ஒட்டு இருக்கும் விளிம்பைப் பிளேடால் மெதுவாகப் பிரித்தார். அட்டை தட்டையாக விரிந்தது. அதைப் புரட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தார். விளிம்பில் பசை பூசினார். எங்கள் ஊர்க் குளிரில் பசை எப்போது காய்வது? ஸ்டிக்கருக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்தார். துணியைப் போட்டு அதன்மேல் அயன் பெட்டியை வைத்து அழுத்திக் காய வைத்தார். புதுப் பெட்டி. பொட்டு உள்ளே. அது உடுப்பில் படாமல் ஒரு அட்டையை வெட்டி உள்ளே நிறுத்தினார். என்னிடம் திரும்பி, "எண்ணி அடுக்குங்க. பேசாம" என்றார். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த இருபது நிமிடம் அது. புது லேபலை அடிமட்டம் வைத்து அவரே ஒட்டினார்.

நோனா வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட சிங்களப் பெண். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அவர் வேலையைத் தொடங்கும் முன்னாலேயே மிஸ் போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பொட்டு வைத்தது, துடைத்தது, புரட்டி ஒட்டியது, எல்லாம். வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. "எங்கள் மேசை" என்றார்.

'சொல்லாமல் இருந்திருக்கலாமே, இந்தப் பொம்பளை நம் எல்லார் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டாளே' என்று மனதுக்குள் திட்டினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

நோனா பெட்டியைச் சுற்றி வந்தார். திறக்கச் சொல்லி, அட்டையை நகர்த்திப் பொட்டைப் பார்த்தார். பிறகு மூடச் சொன்னார். பெட்டி தாங்குமா என்று பார்க்க ஏதாவது ஒரு பெட்டியைத் தூக்கிக் கீழே போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம், மொத்தம் பத்துத் தடவை. நோனா சிங்களத்தில் சொன்னது எனக்கே விளங்கியது: "இதையே போடுங்கள்."

மூலையில் போட்டார்கள். தொம். ஓரத்தில் போட்டார்கள். தொம். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் யாரோ "முருகா" என்றார்கள். அம்மன் பொட்டுக்கு முருகனைக் கூப்பிடுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒட்டுப் போட்ட விளிம்பு தரையில் பட்டபோது மிஸ் மட்டும் கண்ணை மூடினார். பத்துத் தடவையும் முடிந்தது. ஒட்டு விடவில்லை.

நோனா மற்றப் பெட்டிகளையும் திறந்து, எண்ணி, அளந்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். பாஸ். போகும்போது மிஸ்ஸிடம், தன் அப்பாவும் லொறியை எடுக்கும் முன் தேங்காய் உடைப்பார் என்று சொல்லிச் சிரித்தார். "தேங்காயை மட்டும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்" என்றாராம். மேசை இன்றைக்கும் இருக்கிறது. நாங்கள் பதினொரு பேரும் அதில்தான் சோறு சாப்பிடுகிறோம்.

அன்று மாலை மிஸ்ஸிடம் போய் நின்றேன். "என்னைய ஏசிருங்க மிஸ். ஏசலன்னா எனக்குத் தூக்கம் வராது."

"எதுக்கு ஏசுறது? பெட்டிய தெறக்கிறவங்க நம்மள பாக்கப் போறதில்ல புஷ்பாக்கா. பெட்டியத்தான் பாப்பாங்க. அது ஒழுங்கா இருந்தா நம்ம ஒழுங்கா இருந்ததா அர்த்தம்." கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "வெளிப்பக்கம்னுதான் போட்டிருக்கு. உள்பக்கத்தப் பத்தி ஒண்ணும் போடல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓர்டரிலும் முதல் பெட்டிக்குள் பொட்டு உண்டு. ஆனால் மிஸ்ஸின் சட்டப்படி. வலது பக்கக் கீழ் மூலை, இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரு விரல் தள்ளி, நகத்தளவு, குங்குமம் மட்டும், காய்ந்த பிறகு மேலே அட்டை. நான் வைத்ததும் அடிமட்டத்தால் அளப்பார். ஒரு தடவை கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று அழித்து வைக்கச் சொன்னார். "அம்மனுக்கே அளவு சொல்றீங்களே மிஸ்" என்றேன். "அம்மனுக்கு இல்லீங்க, ஒங்களுக்கு" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சுபா என்னைக் கூப்பிட்டாள். மிஸ்ஸின் உடுப்புகளைக் கினிகத்தேனைப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும், நீங்களே பெட்டியில் அடுக்கிக் கட்டிக் கொடுங்கள் என்றாள். உடுப்பை எடுக்கும்போது அலுமாரியிலிருந்து அந்த இரும்பு அடிமட்டம் கிடைத்தது. "இது ஒங்களுக்குத்தான் பெரியம்மா" என்று தந்தாள். மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும், ஒளித்தால் தப்பு, மாற்றினால் வேலை என்ற அந்த ஒரு பேச்சும்தான். இரண்டையும் தினமும் மேசைக்குக் கொண்டுபோகிறேன்.

அந்தப் பெட்டியை ஒரு குறையும் இல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வேலைக்குத் தோதாகச் சுவெட்டரைக் கழற்றி, மிஸ்ஸின் உடுப்புகள் கிடந்த கட்டிலில் வைத்தேன். வலது கீழ் மூலையில் ஒரு விரல் தள்ளிக் குங்குமம் வைத்து, காயவிட்டு, அட்டை வைத்தேன். ஒவ்வொரு சேலையையும் ஒரே அளவாக மடித்தேன். அடுக்க அடுக்க, சுபாவுக்கு அவள் அம்மா என் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிய கதையைச் சொன்னேன். அவள் அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். டேப் அடித்தேன். லேபலில், அலுமாரியிலிருந்து எடுக்கும்போது எண்ணியபடி, எண்ணிக்கை இருபத்து மூன்று என்று எழுதி, அடிமட்டம் வைத்து நேராக ஒட்டினேன். வேன் வந்தது, ஏற்றினோம், போய்விட்டது.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. குளிரவும் தொடங்கியது. கட்டிலில் சுவெட்டர் இல்லை.

பெட்டியில் இருபத்து நான்கு இருக்கிறது.