கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

என் தாய்மாமா கிதர் முகம்மதுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த எண்ணெயைக் கண்டாலும் ஒரு சொட்டைத் தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். பிறகு விரல்களைக் காதருகே கொண்டுபோய் மெல்லப் பிரிப்பார். பிரியும்போது எழும் சின்ன ஒட்டல் சத்தத்தில் எண்ணெயின் பதம் தெரியுமாம். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய், மாமி வடை சுட்டு இறக்கிய சட்டியில் மிஞ்சியது, எதையும் அவர் விட்டதில்லை. கல்யாண வீட்டுப் பிரியாணியில் மிதந்த நெய்யையும் அப்படிச் சோதித்து, மாமி சர்புன்னிசாவிடம் எல்லோர் முன்னாலும் வசவு வாங்கியிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, மதுரையில் வேதியியல் படித்து பி.எஸ்ஸி. பட்டத்தோடு திரும்பி வேலை தேடிய நாள்வரை, அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன்.

அது தோல் பதனிடும் பட்டறையில், எங்கள் பேச்சில் தோல் ஷாப்பில், தொற்றிய பழக்கம். எங்கள் ஊரான பேகம்பூரில் உறவுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தோல் ஷாப்தான் சோறு போட்டது. மாமா முதலில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல்களைப் புரட்டினார். கை வெடித்துப் புண்ணாகி, பிறகு எண்ணெய் ஏற்றும் வேலைக்கு மாறினார். பதமான தோலுக்குப் புங்க எண்ணெயையும் மீன் எண்ணெயையும் கலந்து பூச வேண்டும். ஆட்டுத் தோலுக்கு ஒரு கலவை, மாட்டுத் தோலுக்கு வேறு. தோல் குடிக்கிற மட்டும் கொடுக்க வேண்டும். அவர் கலந்தால் தோல் முறியாது என்று முதலாளியே சொல்வார். ஆனால் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து நின்றுகொண்டே பயணம் செய்ததை மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். அது சிரிப்புத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

1958இல் மாமியின் நகைகளை விற்று, கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய சீமைக் காரை வாங்கினார். தோல் ஷாப் லாரி டிரைவரிடம் ஏற்கெனவே ஓட்டப் பழகியிருந்தார். ஐப்பசி மாதத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. தேங்காய் வியாபாரி அக்பர் அலி வாரந்தோறும் பழனிக்கு அப்பால் நெய்க்காரப்பட்டித் தோப்புகளுக்குப் போகிறவர். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ, வண்டி பிடித்துப்போனால் வாராவாரம் உனக்கே என்று அவர் சொன்னார். அந்த வாடகை நிலைத்தால் மாமா தோல் ஷாப்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. முதலாளியிடம் அவர் விடுப்புத்தான் கேட்டிருந்தார். அதுவும் முடியப்போகிறது.

வண்டியில் ஒரே ஒரு குறை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும்போது கரகரவென்று உராய்ந்தது. கியர் பெட்டியில் இருப்பது பழைய எண்ணெய், அதை மாற்றினால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த எண்ணெய் என்பதில்தான் தகராறு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த சின்னக்கண்ணு, தொண்ணூறாம் நம்பர் கெட்டி எண்ணெய்தான் என்றார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அவர் அதைத்தான் ஊற்றுகிறார். பெட்ரோல் பங்க்காரரோ, இந்த மாதிரிச் சின்ன வண்டிகளின் கியர் பெட்டிக்கு எஞ்சினில் ஊற்றுகிற முப்பதாம் நம்பரே போதும், கெட்டி எண்ணெய் பின் அச்சுக்கு மட்டும்தான் என்றார். வண்டியோடு வந்திருக்க வேண்டிய புத்தகத்தைக் காணவில்லை.

மாமா என்னைக் கேட்டார். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு எண்ணெய் தெரியாதா என்பது அவர் கணக்கு. கொழுப்பு அமிலங்களைப் பற்றி நான் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். ஒரு கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவர் நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் போனார். இரண்டையும் வாங்கிவந்து விரலில் தேய்த்துக் காதருகே வைத்துக் கேட்டார். ஒன்று ரொம்பக் கெட்டி, மற்றது ரொம்பத் தண்ணி என்று சொல்லிச் சரிபாதியாகக் கலந்தார். இரண்டு பேருமே வேண்டியவர்கள், யார் பேச்சையும் தட்டாமல் ஆயிற்று என்பதிலும் அவருக்குத் திருப்தி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு, அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் துளையில் வழிந்தது. மாமா நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு மேலும் ஊற்றினார். மறுநாள் காலையிலும் கொஞ்சம் ஊற்றி மூடினார். பக்கத்தில் நின்ற எனக்கு அது சரியாகவே பட்டது.

நெய்க்காரப்பட்டிக்கு நானும் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலியென்று கேள்விப்பட்டிருந்தேன். ஒட்டன்சத்திரம் வரை வண்டி பூப்போல ஓடியது. உராய்வு நின்றிருந்தது. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பழனி தாண்டித் தோப்புக்குத் திரும்பும் மண்பாதையில், முந்தின நாள் மழையில் ஓடை குறுக்கே பெருகி ஓடியிருந்தது. நடு ஓடைச் சேற்றில் வண்டி நின்றது. எஞ்சின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. துணி கருகுவதுபோல் ஒரு நாற்றம் அடியிலிருந்து வந்தது.

பக்கத்துத் தோப்பிலிருந்து உடையப்பன் என்ற விவசாயி காளைகளை ஓட்டிவந்தார். அவர் மனைவி ஜக்கம்மாள் தென்னை மட்டைகளை இழுத்துவந்து சக்கரங்களுக்கு முன்னால் பரப்பினார். நான் பின்னால் நின்று தள்ளினேன். அக்பர் அலி கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையில் நின்றார்.

"கிதரு, இதுக்குக் கொம்பு ஒண்ணுதான் இல்ல. அடுத்த வாட்டி டிக்கியில புண்ணாக்கு எடுத்துட்டு வந்துரு" என்றார்.

மாமாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். வண்டி கரையேறியதும் உடையப்பனிடம் பணத்தை நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காசெல்லாம் வேண்டாமுங்க. எம்பட சம்சாரம் வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவளுங்க. போறது வேண்டுதலு, அது நடந்துதான் போகோணும். திரும்பறப்பத்தானுங்க காலு வீங்கிப்போகுது. அன்னைக்கு மட்டும் வண்டில கொண்டாந்து வூட்ல விட்டீங்கன்னாப் போதும்."

"மாடு கட்டாம வருமுங்களா?" என்றார் ஜக்கம்மாள், முந்தானையில் சேற்றைத் துடைத்தபடி.

"வரும்மா. பூசத்தன்னைக்குக் கோயில் வாசல்ல நிப்பேன். அல்லா மேல சத்தியம், இது என் கடன்" என்றார் மாமா.

பள்ளிக்கூடத்தில் வேலை முந்தின வாரமே நிரம்பிவிட்டிருந்தது. அக்பர் அலி வேலையை முடித்துக்கொண்டு பழனியில் பஸ் ஏறினார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வாரமும் அவர் பஸ்ஸில்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் வண்டியை ஆறவைத்து ஆறவைத்து ஊர் வந்து சேர்ந்தோம்.

சின்னக்கண்ணு கழற்றிப் பார்த்தபோது கிளச்சுத் தட்டு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அளவுக்கு மிஞ்சின எண்ணெய் அங்கே புகுந்து, தட்டைப் பிடிக்கவிடாமல் வழுக்கவிட்டிருந்தது.

"தொளையில வழிஞ்சா நிறுத்தணும். அதுக்குத்தான பாய் தொளையே வச்சிருக்கான்?"

"இன்னுங் குடிக்கும்னு நெனச்சேன்."

"இரும்பு என்னத்தக் குடிக்கும்?"

அதோடு முடிந்திருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும். அளவைச் சரிசெய்து கிளச்சை மாற்றிய பிறகு, பழைய உராய்வு திரும்ப வந்துவிட்டது. வடித்த எண்ணெயில் பொன்னிறத் தூள் மினுங்கியது. உள்ளே உள்ள பித்தளை வளையம் தேய்ந்த தூள் என்றார் சின்னக்கண்ணு. வெள்ளைக்காரர் காலத்திலேயே தேய்ந்ததா, மாமாவின் கலவையில் தேய்ந்ததா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வடித்த எண்ணெயில் கொஞ்சம் குப்பியில் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் என் பேராசிரியரிடம் காட்டினேன். சில கெட்டி எண்ணெய்களில் கந்தகம் சேர்ப்பார்கள், அதில் சில வகை பித்தளையை அரிக்கும், சில அரிக்காது, இது எது என்று தகர டப்பாவைப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அவர். டப்பாவில் மாமி எப்போதோ புதினா நட்டுவிட்டார். மேலே ஒட்டியிருந்த தாளைத் தண்ணீர் கரைத்துவிட்டிருந்தது.

மாமா தோல் ஷாப்புக்குத் திரும்பினார். பகலில் தோலுக்கு எண்ணெய், சாயங்காலம் காருக்கு எண்ணெய் என்று ஆனது. முப்பதை மட்டும் ஊற்றிப் பார்த்தார், தொண்ணூறை மட்டும் ஊற்றிப் பார்த்தார். வெயில் காலத்தில் ஒன்று நன்றாக இருந்தது, மார்கழியில் மற்றது. தைப்பூசம் நெருங்கினால் ரெட்டியார்சத்திரம் வரை ஓட்டிச் சோதிப்பார். கியர் ஒரு தடவை உராய்ந்தாலும் திரும்பிவிடுவார்; எந்தப் பூசத்துக்கும் பழனி போய்ச் சேரவில்லை. பாதி வழியில் நின்றுபோனால் அந்த அம்மாளை மறுபடியும் நடக்கவிட்டதுபோல் ஆகிவிடுமே என்பார்.

ஒரு வருடம் நான் வேறு யோசனை சொன்னேன். வாடகைக்கு ஒரு நல்ல காரை அமர்த்தி அனுப்பினால் என்ன?

"அவுக மாடு இழுத்தது இந்த வண்டியத்தான முனீரு? வேற வண்டி எப்புடிப் போகும்?" என்றார்.

எனக்கு அது பிடிவாதமாகத் தோன்றியது. அவர் காத்திருந்தது வண்டி சரியாவதற்கா, வண்டியை வாங்கியது தப்பில்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்வதற்கா? இன்றுவரை யோசிக்கிறேன். இரண்டும் ஒன்றுதானோ என்றும் படுகிறது.

1964இல் மஞ்சள் காமாலையில் மாமா இறந்துபோனார். அடக்கத்துக்கு முன்னால் எங்கள் வழக்கப்படி பள்ளிவாசலில் அறிவித்தோம். இறந்துபோன இந்த மையித்துக்கு யாரிடமாவது கடன் இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு ஏற்கிறோம் என்றேன். பங்க்காரர் ஒரு டப்பா எண்ணெயைச் சொன்னார். டீக்கடைக்காரர் சொல்ல வந்து, வேண்டாம் என்று கையசைத்தார். இருவருக்கும் அன்றே கொடுத்தோம். மாமி காரை வத்தலக்குண்டுக்காரர் ஒருவருக்கு விற்றார். சில மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது, கியர் பெட்டிக்கு என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். எதையும் ஊற்றவில்லை, இருக்கிறதில்தான் ஓடுகிறது, ஒரு தொந்தரவும் இல்லை என்றார். மாமா கடைசியாக அதில் எதை ஊற்றினார் என்று எனக்குத் தெரியாது.

உடையப்பன் பள்ளிவாசலில் இல்லை. மாமா இறந்த செய்தி அவருக்கு எட்டியிருக்கவும் வழியில்லை. தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம், இந்தக் கடனை நான் அடைக்கலாமா என்று கேட்டேன். பணக் கடன் என்றால் வாரிசு அடைக்கலாம், இது வாக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாடகைக் காரில் நான் போய் நின்றால், மாமா அன்று வேண்டாம் என்று சொன்னதைத்தானே செய்கிறேன் என்று தயங்குகிறேன். தயங்கித் தயங்கி இந்த வருடத் தைப்பூசமும் போய்விட்டது. ஜக்கம்மாள் பழனியிலிருந்து நடந்துதான் திரும்பியிருப்பார்.