அந்தோணி அண்ணனின் டிராம்போனும் பிஸ்கட் டின்னும்

அந்தோணி அண்ணன் நேற்று விடியற்காலை போய்விட்டார். இன்று மதியம் அடக்கமும் முடிந்தது.

எங்கள் லாயாங் லாயாங் ஊர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்ற நண்பர்களுக்காக... என் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். சனி, ஞாயிறுகளில் பக்கத்து டவுன் குளுவாங்கில் சீனர் சாவு ஊர்வலங்களுக்கு டிராம்போன் ஊதப் போவார்.

டிராம்போன் என்றால் நீளமான பித்தளைக் குழல். பட்டன் எதுவும் கிடையாது, ஒரு குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரம் பிடிக்க வேண்டும். அண்ணனுடையது அவரைவிட வயதில் மூத்தது. "கிழவி" என்றுதான் கூப்பிடுவார்.

இங்கே குடிவந்த புதிதில் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, மூஞ்சிக்குப் பூசுற கிரீம் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். நான் எதுவும் கேட்காமல் கொடுத்தேன். பிறகு ரொம்ப நாள் அவர் முகத்தில் ஏதாவது மினுமினுப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்...

கிரீம் கிழவிக்காம். இழுக்கும் குழாயில் அதைத் தடவித் தண்ணீர் தெளித்தால்தான் வழுக்குமாம். புது எண்ணெய் எதுவும் அதற்கு ஒத்துக்கொள்ளாதாம்.

அப்புறம் அந்தத் திருவிழா. கோவில் கணக்கு அப்போதும் என் கையில்தான். அம்மன் ரதம் புறப்படும் நாளில் நாதஸ்வரக்காரர் டெங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தவில்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"தவிலு இருக்குல்ல? நான் வர்றேன்" என்றார் அண்ணன்.

பெண்கள் கூடிப் பேசினோம். சாவுக்கு ஊதுகிற குழல் என்பது ஒரு பிரச்சினை. அதை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீர்த்தோம். பெரிய பிரச்சினை எச்சில். டிராம்போன் ஊதினால் உள்ளே தண்ணீர் சேரும், நடுநடுவே அதைக் கீழே வடிக்க வேண்டும். அம்மன் போகிற பாதையில் எச்சில் விழலாமா?

அம்மனைக் கும்பிட்டு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலி பிஸ்கட் டின் ஒன்றைச் சிவப்புத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே நடந்தேன். அவர் கண்ணைக் காட்டினால் டின்னை நீட்டுவேன்.

வாசிப்பைச் சொல்ல வேண்டும். பட்டன் இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே இழைந்து போனது... கண்ணை மூடினால் நாதஸ்வரம்தான். தவில்காரர் வேர்த்து வழிய வாசித்தார்.

கடைத்தெருவில் திரும்பினோம். மளிகைக்கடைச் சீன முதலாளி லிம் தவுக்கே அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கடைக் கதவைப் பாதி இறக்கினார். சாவு ஊர்வலம் போனால் சீனர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிறகு தலையைக் குனிந்தபடி என்னிடம் வந்தார். "சியாப்பா மாத்தி?"... யார் இறந்தது என்று கேட்டுக்கொண்டே ஒரு நோட்டை டின்னில் போட்டுவிட்டார்.

யாரும் சாகவில்லை, எங்கள் அம்மன் ஊர்வலம் வருகிறாள் என்று மலாயில் சொன்னேன். அவர் ரதத்தைப் பார்த்தார். டின்னுக்குள் பார்த்தார். நோட்டு மிதந்துகொண்டிருந்தது. "தாப்பா லா", பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவை மேலே தூக்கினார்.

அவர் போட்டதைப் பார்த்து நம் ஆட்களும் உண்டியல் என்று நினைத்து வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். "அது எச்சில் டின்னுங்க" என்று தவில் சத்தத்தில் எத்தனை பேரிடம் கத்துவது?

மறுநாள் எல்லா நோட்டையும் அலசிக் கொடியில் காயப்போட்டேன். காணிக்கை என்றுதான் எழுதினேன். அந்த வருடம் செலவுப் பக்கத்தில் முகக்கிரீமும் இருந்தது. கோவில் தலைவர் ரொம்ப மரியாதையாக, "அம்மனுக்காம்மா?" என்று கேட்டார்.

போன வருடம் அண்ணனுக்கு மூச்சு ஒத்துழைக்கவில்லை. கிழவியைப் பெட்டியோடு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மகன் பிரான்சிஸ் சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் அதை மாட்டி, மேலே சின்ன லைட் போட ஆசைப்பட்டது அவருக்குத் தெரியும்.

"சுவத்துல மாட்டுனா தூசிதான் சேரும் தங்கச்சி. ஊதுறவங்களாப் பாத்துக் குடுத்துரு."

அப்படித்தான் தர்ஷினி வந்தாள். ஜோகூர் பாருவில் கல்யாணங்களுக்கு வாசிக்கிறவள். அவளுடைய புது டிராம்போன் அகலக் குழாய், பாடுகிறவர்களின் குரலையே விழுங்கிவிடுகிறதாம். கிழவிக்குக் குழாய் ஒடுக்கம், எடையும் குறைவு. பாட்டுக்கு அடியில் மெதுவாகக் கூடவே போகிறது என்று சொல்லி, கீழே வைக்க மனமில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "கிரீம் போடத் தெரியுமா?"

கற்றுக்கொடுத்தது நான்!

ஆனால் கிழவி தர்ஷினிக்குப் போனதை மகனிடம் சொல்லாமலேயே அண்ணன் போய்விட்டார். இன்று காலை பிரான்சிஸ் வந்து டிராம்போன் பெட்டியைக் கேட்டார். "அப்பாவ அனுப்பிட்டுப் பேசலாம் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

சவ வண்டிக்குப் பின்னால் தர்ஷினி ஊதிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ரதத்துக்கு வாசித்த அதே மெட்டு, இன்னும் நிதானமாக. நான் பழக்கதோஷத்தில் அந்த டின்னையும் எடுத்துப் போயிருந்தேன். எச்சில் பிடிக்கிற டின் அது என்று பிரான்சிஸுக்குச் சொன்னேன். அவர் டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தார்.

கடைத்தெரு வந்தது. லிம் தவுக்கே கதவைப் பாதி இறக்கினார். நேராக வந்து டின்னில் ஒரு நோட்டைப் போட்டார். இந்த முறை யார் என்று கேட்கவில்லை.

பிரான்சிஸ் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, இது..." என்று ஆரம்பித்தவர் சிரித்துவிட்டார். அப்புறம் அழுதார். காலையிலிருந்து அப்போதுதான் அழுதார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது டிராம்போன் பெட்டியை அவரே தர்ஷினியின் காரில் ஏற்றிவிட்டார். கிரீம் டப்பாவை நான் உள்ளே வைத்தேன்.

தவுக்கேயின் நோட்டு கொடியில் காய்கிறது அண்ணே. எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை... நீங்க போயிட்டு வாங்க.