நாலாம் வாங்குப் பக்திமான்

லண்டன் பிளேஸ்டோவில் கஸ்பரின் வீட்டில் ஹீற்றர் போடுவது நின்றுபோனதற்கு, மேல் அறையில் வாடகைக்கு இருந்த ஸ்ரீஸ்கந்தராஜாதான் காரணம். கணக்கியல் படிக்க வந்த பிள்ளை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு ஒக்டோபரில், ஒரு ஞாயிறு மத்தியானம், புட்டும் மீன்குழம்பும் தின்ற உற்சாகத்தில், மேசையில் கிடந்த, வீட்டுக் கடன் கொடுத்த பில்டிங் சொசைற்றியின் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டான்.

“அக்கா, இருபத்தைஞ்சு வருசமும் இப்பிடியே மோட்கேஜ் கட்டினீங்களெண்டால், இந்த ஒரு வீட்டுக்கு மூண்டு வீட்டின்ர காசு குடுப்பீங்கள். மாதாமாதம் கூடக் கட்டினால் அரைவாசிக் காலத்தில முடிச்சுப்போடலாம்.”

குழம்பு அள்ளப்போன கஸ்பரின் மனைவி மெற்றில்டாவின் கை அப்படியே நின்றது. மன்னார்ப் பேசாலையில் இருந்து வந்து, பள்ளிக்கூடக் கன்ரீனில் தட்டுக் கழுவி, மிச்ச நேரத்தில் வீட்டில் இருந்து காற்சட்டைகளுக்குச் சிப் தைத்து, எண்பத்தாறில் வாங்கிய வீடு அது. அந்தக் கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். பதினான்கு வருடம் கூட வாழ்ந்த கஸ்பருக்கு அந்த மடிப்பின் அர்த்தம் தெரியும்.

அடுத்த கிழமை சட்டங்கள் வந்தன. இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும். பஸ்ஸில் இரண்டு தரிப்புத் தூரம் என்றால் நடை. ஹீற்றர் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை மட்டும்.

“ஆறு மணிக்கு நான் வேலையிலயல்லோ நிப்பன்?” என்றான் கஸ்பர்.

“அதுதானே. உங்களுக்கெண்டு தனியா ஏன் எரிப்பான்?”

கஸ்பருக்கு வேலை ஒரு மீன் கம்பனியின் குளிர் அறையில். பின்னேர ஷிப்ட். உறைந்த மீன்பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும். அங்கே கம்பனி தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் கொடுத்தது. வீட்டில் அதுவும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு நாள் மூக்கு ஒழுக வந்து, வாடகையில் ஹீற்றரும் சேர்த்திதானே என்று முறையிட்டுப் பார்த்தான். மெற்றில்டா கோபிக்கவில்லை. சுடுதண்ணிப் பை ஒன்றைக் கையில் கொடுத்து, “நீங்கள்தானே தம்பி கணக்குப் போட்டுக் காட்டினனீங்கள்,” என்றாள். அவன் அதற்குப்பிறகு நூலகத்தில் படிக்கத் தொடங்கினான்.

கஸ்பருக்கு நூலகம் சரிவரவில்லை. அங்கே புத்தகம் வாசிக்கிற மாதிரி நடிக்கவேண்டும். ஒரு காலை, மூச்சு விட்டாலே புகையாய் வரும் தன் குசினியில் இருக்க ஏலாமல் நடந்து திரிந்தபோது, கத்தோலிக்கக் கோயிலின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனான். ஆட்கள் அதிகம் இல்லை. ஏழெட்டு ஐரிஷ் கிழவிகளும் பாதர் டோலனும். இடதுபக்கம், ஆட்கள் இருக்கிற நீள வாங்குகளில் நாலாவதை ஒட்டிச் சுவரோடு ஒரு பெரிய ரேடியேட்டர் இருந்தது. அதன் அடிக்குழாய் கால் வைக்கிற இடத்தால் ஓடியது. கஸ்பர் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். குழாயின் சூடு சப்பாத்தைத் தாண்டி உள்ளங்காலுக்கு வந்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. தூரத்தில் நின்று பார்த்த பாதர் டோலனுக்கும் மனம் உருகியது.

ஊரில் கஸ்பர் பூசைக்குப் போனால் பிரசங்கம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிறவன். அப்படிப்பட்டவன் இப்போது ஒன்பதரைப் பூசைக்குத் தவறாமல் போனான். பூசை முடிந்ததும் கிழவிகளின் செபமாலை, அதற்குப் பிறகு நற்கருணை ஆராதனை. எல்லாவற்றுக்கும் இருந்தான். பன்னிரண்டரைக்குத்தான் வேலைக்கு வெளிக்கிட்டான். இரண்டு மாதத்தில் காணிக்கைத் தட்டு அவன் கைக்கு வந்தது. நாலு மாதத்தில் வாசகம் வாசிக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இனி வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவனுடைய ஆங்கிலத்தில் கேட்ட கிழவிகள், ஒன்றும் விளங்காவிட்டாலும் தலையாட்டினார்கள்.

கோடையில் கோயிலிலும் ரேடியேட்டரை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கஸ்பர் போனான். இடத்தை இழந்துவிடக் கூடாதல்லவா.

செய்தி மெற்றில்டாவின் காதுக்கு வந்தது அடுத்த குளிர்காலத்தில், கன்ரீனில் கூட வேலை செய்யும் இசபெல் வழியாக. அதே கோயிலுக்குப் போகிற கோவாக்காரி. “உன் புருசன் ஒரு புனிதர்,” என்றாள் இசபெல். “தினமும் மூன்று மணித்தியாலம் செபம். உனக்குத் தெரியாதா?”

மெற்றில்டாவுக்குப் பெருமை வரவில்லை. பயம் வந்தது. இந்த மனிசன் மூன்று மணித்தியாலம் செபிக்கிறதென்றால் எவ்வளவு பெரிய பாவம் செய்திருக்கவேண்டும்? குதிரை ரேசில் காசு விட்டானோ? களவாக யாரிடமாவது கடன் வாங்கினானோ? அந்த ஐரிஷ்காரிகளில் இளவயதுக்காரி யாரும் உண்டோ? அன்று பிற்பகலே மறுநாளுக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் பத்து மணிக்குக் கோயிலுக்குள் மெல்லப் போனாள்.

செபமாலை நடந்துகொண்டிருந்தது. நாலாவது வாங்கில் கஸ்பர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் செபமாலை. கண் மூடியிருந்தது. கிட்டப் போன பிறகுதான் அவன் குறட்டை கேட்டது. சப்பாத்து இரண்டும் வாங்குக்குக் கீழே இருந்தன. காலுறை போட்ட பாதங்கள் குழாயின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மெற்றில்டா குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் விலாவில் இடித்தாள்.

கண் விழித்த கஸ்பர், பிடிபட்டவன் போல, “அருள் நிறைந்த மரியாயே,” என்று தொடங்கினான்.

“நடிக்காதேங்கோ. இது எத்தினை மணி மட்டும் எரியும்?”

“பன்னிரண்டரை.”

“அங்கால அரக்குங்கோ.”

அவன் அரங்கி இடம் விட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சப்பாத்தையும் கழற்றினாள். கன்ரீனில் கெஞ்சிக் கேட்டு மத்தியான ஷிப்டுக்கு மாறினாள். அடுத்த கிழமையிலிருந்து ஒரு துணிப்பையும் கூட வந்தது. அதற்குள் நூல் வெட்டவேண்டிய காற்சட்டைகள். கோட்டுக்கு அடியில் கை வேலை செய்ய, வாய் செபம் சொன்னது. நூல் துண்டுகளைக் கவனமாகப் பையிலேயே சேர்த்துக்கொண்டாள். கோயிலைக் குப்பையாக்குவது பாவம் என்று அவளுக்குத் தெரியும்.

திருக்குடும்பத் திருநாளன்று பாதர் டோலன் பிரசங்கத்தில், கைகோத்து ஒன்றாகச் செபிக்கும் ஒரு தம்பதியைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் நாலாவது வாங்குப் பக்கம் திரும்பின. கஸ்பருக்குக் காது சுட்டது. அது ரேடியேட்டரின் சூடு அல்ல.

தொண்ணூற்றோராம் ஆண்டு பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டித் தள்ளியது. அந்தக் கிழமை பார்த்துக் கோயிலைச் சூடாக்கும் பொயிலர் வெடித்தது. திருத்த ஏலாது, புதிதுதான் வாங்கவேண்டும் என்றார்கள். கோயிலின் பங்கு மக்கள் சபை கூடியது. பொயிலர் நிதிக்குத் தலைவராக யாரைப் போடலாம் என்ற கேள்விக்கு இரண்டாவது பெயரே வரவில்லை. கஸ்பரைவிட அதிகமாக இந்தக் கோயிலை நேசிக்கிறவர் யார்? கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றான்.

“தலைவர்தான் முதல்ல காசு போடவேணுமாம். என்ன செய்யிறது மெற்றில்டா?”

மெற்றில்டா தையல் மெசினை நிறுத்தினாள். அந்தக் காலாண்டில் மோட்கேஜுக்குக் கூடக் கட்டவென்று சேர்த்த காசு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது. ஒருவருடைய கலியாணத்துக்கும் அதில் கை வைக்காதவள். ரின்னை மடியில் வைத்துக்கொண்டு காசை இரண்டு தரம் எண்ணினாள்.

“நீர் ரெண்டு குளிர்காலம். நான் ஒண்டு. சும்மா இருந்து குளிர் காய்ஞ்சனாங்கள்,” என்றாள் கடைசியில். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை ஒரு படி இறங்கும். “குடுக்காட்டி அது களவு. கொண்டுபோய்க் குடும்.”

அவ்வளவையும் கொடுத்தாள். கஸ்பருக்கு அவளைப் பார்க்கப் புதிதாக இருந்தது.

காசு கொடுத்தும் கஸ்பருக்கு மனம் ஆறவில்லை. சனிக்கிழமை, பாதரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வலைத்தட்டிக்கு இந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பக்தியால் வரவில்லை, சூட்டுக்காக வந்தேன். ஆராதனையில் பாதி நேரம் நித்திரை. பவுல் எழுதினதில் ஒரு வரியும் விளங்கவில்லை.

அந்தப்பக்கம் ஒரு செருமல் கேட்டது.

“உன் காலுறையில் ஓட்டை இருப்பதே எனக்குத் தெரியும், கஸ்பர்,” என்றார் பாதர் டோலன் ஆங்கிலத்தில். “என் வீட்டிலும் ஹீற்றர் சரியில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அந்த வாங்கில் இருப்பது நான்தான்.”

தண்டனையாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் கொடுத்தார். விழித்திருந்து சொல்லச் சொன்னார்.

நாலு மாதத்தில் கஸ்பர் பொயிலருக்குக் காசு சேர்த்து முடித்தான். பின்னர் மோட்கேஜ் வட்டியும் இறங்கியது. ஸ்ரீஸ்கந்தராஜா பாஸ் பண்ணி, கலியாணம் செய்து, குரோய்டனில் வீடு வாங்கிப் போனான். தன் மனைவிக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவேண்டாம் என்று மெற்றில்டாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதம், தவணைக்குப் பதினான்கு வருடம் முந்தியே, கடைசிக் காசைக் கட்ட இருவரும் பில்டிங் சொசைற்றிக்கு நேரிலேயே போனார்கள். மெற்றில்டா கலியாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். கவுண்டரில் இருந்த இளம் பெட்டை கணினியைத் தட்டிவிட்டு, வாழ்த்துச் சொன்னாள். பிறகு ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். வீடு இப்போது முழுக்க உங்களுடையதுதானே, அதன்மேல் புதிதாகக் கடன் எடுத்துக் குசினியை இழுத்துக் கட்டலாமே, வட்டியும் குறைவு.

மெற்றில்டா பிரசுரத்தை வாங்கி, எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள்.

“எத்தினை வருசத்தில கட்டவேணுமெண்டு கேளுங்கோ,” என்றாள்.

கஸ்பர் கேட்கவில்லை. பிரசுரத்தைப் பறித்துக் கவுண்டரில் வைத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக, பொது இடத்தில் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“எனக்குத் திரும்ப ஒருக்கா ஏலாது, மெற்றில்டா.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“சும்மா கேட்டுப் பாத்தனான்,” என்றாள். “வாங்கோ, பசிக்குது.”