இரும்பு டானிக்கும் நீலக் கோடுகளும்

1

எழுபதுகளின் கடைசியில், அடையாறில் ஒரு கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் நாளே டைபாய்டு கிருமி வளர்ந்த பிளேட்டைக் கையில் கொடுத்தார்கள். டைபாய்டு காற்றில் பரவாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ஆனாலும் மூச்சு விட மனம் வரவில்லை. அடக்கி அடக்கி, ஸ்டூலோடு சாய்ந்தேன். கண்ணாடிச் சாமான் கழுவும் செல்வராஜ் ஓடிவந்து பிடித்தான்.

"இன்னா சார், கிருமியே உன்னைப் பாத்து பயந்துக்கினு கீது. நீ எதுக்கு வுழுற?"

2

எங்கள் மேடம் மயிலாப்பூர்க்காரர். டைபாய்டு கிருமியின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. அந்தப் புரதங்களைப் பிரித்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, நீலச் சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியும். குடுவையில் கிருமி வளரும் பிராத் என்ற சத்துநீரில் உள்ள இரும்பை ஒரு கெமிக்கல் போட்டுக் கட்டிவிட்டால் அது பட்டினி கிடக்கும். கிடைக்கிற இரும்பை வளைத்துப் பிடிக்கப் புதுப் புரதங்களை முளைக்கவிடும். ஜெல்லின் மேல்பக்கம் கூடுதல் கோடுகள் வரும். இரும்பு உப்பைச் சேர்த்தால் கோடுகள் மறைந்துவிடும், கிருமி கொழிக்கும். அந்தக் கோடுகளுக்குப் 'பந்தியில் நீளும் கை' என்று நான் பெயர் வைத்திருந்தேன். மேடத்துக்குத் தெரியாது.

3

செல்வராஜ் ஊரூர் குப்பத்து ஆள். அவன் மனைவி பிலோமினா மீன் விற்பவள். அவளுக்கு டைபாய்டு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒருநாள் காலையில் அவன் சொன்னான்:

"ரொம்ப வெளுத்துப்பூட்டா சார். இரும்பு டானிக் வாங்கியாந்து நானே ஊத்திக்கினு கீறேன்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறினேன். டாக்டர் என்று நினைத்து, உட்கார்ந்திருந்த ஒருவரைக் கண்டக்டர் எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். வார்டுக்குள் பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கி, "இரும்பு கூடாது! கிருமிக்குத் தீனி!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் எவர்சில்வர் கூஜாவைப் போர்வைக்குள் மறைத்தாள். பிலோமினா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாட்டிலில் பாதிக்குமேல் காலி. டியூட்டி டாக்டர் என்னை வெளியே அனுப்பினார், டானிக்கையும் நிறுத்தினார்.

குடலில் ஓட்டை விழுந்து, அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

4

அவள் ரத்தத்தில் எடுத்த கிருமி எங்களிடம் வந்திருந்தது. மேடம் அதையும் ஓட்டச் சொன்னார். பட்டினி போட்ட குடுவையிலிருந்து வந்ததில் கோடுகள் தடிதடியாக இருந்தன. இரும்பு சேர்த்ததில் அந்த இடம் காலி. ஜெல்லை விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் செல்வராஜ் நின்றான்.

"இது அவளோட கிருமியா சார்?"

"ஆமாம்பா."

"நான் ஊத்துனதுதான் அவளக் கொன்னுச்சா?"

"சேச்சே! இல்லவே இல்ல!"

"நீ பொய் சொன்னா சீக்கிரமா சொல்லுவ சார்."

வேறு எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன். நல்லவேளை, மேடம் எழுந்து வந்தார்.

"செல்வராஜ், இதை நாங்க குடுவையில பட்டினி போட்டோம், குடுவையில தீனி போட்டோம். அவ உடம்புல இது எப்படி இருந்துதுன்னு யாரும் பாக்கலை. வெளியில எடுத்து வளர்த்த உடனே இது மாறிடறது. டானிக்காலயா, அது இல்லாமலேயும் போயிருப்பாளா, எனக்குத் தெரியலைப்பா."

"உங்களுக்கே தெரியாதாம்மா?"

"தெரியாது."

அவன் கழுவுமிடத்துக்குப் போனான்.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ஜெல்லில் வரும் கோடு குடுவையைப் பற்றித்தான் பேசும். கேட்பவர் அழுகிறார் என்பதற்காக அதை நோயாளியைப் பற்றிப் பேசவைக்காதீர்கள். அவரைத் தேற்றுவதற்காக அதை அழிக்கவும் செய்யாதீர்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராமல் போயிற்று. மேடத்துக்கு வந்தது.

மறுநாள் முதல், இரும்பு சேர்த்த குடுவைகளை மட்டும் செல்வராஜ் தொடவில்லை. அவற்றை நானே கழுவினேன்.