பூசணிக்காயும் புகார்க் கடிதமும்

இலங்கையின் பதுளையில், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோரில் இளையதம்பி எழுதுவினைஞராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். விண்ணப்பம் போட்டவர்களிடம் வெற்றிலைகூட வாங்கமாட்டார்.

1954ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு காலை, நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரெங்கம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொழுந்து பறிப்பவள், புருஷனை இழந்தவள். கையில் ஒரு பூசணிக்காய்.

"ஐயா, விசாரணைக்கு வரலேன்னு என் பேரை வெட்டப் போறாங்களாம். ஒரு வார்த்த கேளுங்க."

பூசணிக்காயைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது. "வீட்டில கதைக்கக் கூடாது. கந்தோருக்கு வாங்கோ."

"அங்க வாட்ச்சர் உள்ள விடமாட்டேங்கிறாருங்க."

அவர் கதவைச் சாத்தினார். அவள் காயைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் விதிப்படி நடந்தார். பூசணிக்காயைக் கந்தோருக்குச் சுமந்துபோய், நடந்ததை எழுதி அதிகாரியிடம் கொடுத்தார். அதன் பிறகுதான் அவளுடைய கோப்பைப் பிரித்தார். உள்ளே தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம் தோட்டத்து ஆபிசிலேயே கிடந்து, தேதி கடந்த பிறகுதான் ரெங்கம்மாவின் கைக்கு வந்ததாம்.

இளையதம்பி அதிகாரியிடம் ஓடினார். "ஐயா, அவவில பிழையில்லை. விசாரணைக்கு இன்னொரு தவணை குடுக்கலாம்."

"லஞ்சம் கொண்டுவந்தவள் என்று நீர்தானே எழுதித் தந்தீர்? இப்ப அவளுக்காகப் பேசுறீரா?"

விண்ணப்பம் தள்ளுபடியானது. அதே அதிகாரி சனிக்கிழமைதோறும் தோட்டத்துரைகளோடு கிளப்பில் சாப்பிட்டார். அதைப்பற்றி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இளையதம்பி பஸ் ஏறி, ரெங்கம்மா குடியிருந்த லயத்துக்கே போய் விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"லஞ்சம்னு நெனச்சீங்களா? வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக்கூடாதேன்னு கொண்டாந்தேனுங்க. லயத்துக்குப் பின்னால நான் போட்ட கொடியில காச்சது."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

"வேணாங்க. அதுக்கும் உங்க மேல ஏதாச்சும் எழுதுவாங்க."

அதன்பிறகு வீடு தேடி வந்தவர்களை அவர் உட்காரவைத்துக் கேட்டார். சொன்னதைத் தேதியிட்டு எழுதி, மறுநாளே கோப்பில் சேர்த்தார். அதற்காக மேலதிகாரிகள் அவரிடம் இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வும் வரவில்லை. சிலருக்குக் குடியுரிமை கிடைத்தது. ரெங்கம்மாவுக்குக் கிடைக்கவே இல்லை. 1961இல் அவளுடைய ஒரே மகள் புருஷனோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினாள். வழியனுப்பப் போகத் தாய்க்குத் தோட்டத்தில் லீவு கொடுக்கவில்லை. அன்று ரெங்கம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.