நான் பார்க்காத பந்து

எமர்ஜென்சி முடிந்து இரண்டு கோடை கழிந்திருந்தது. சங்கரன்கோவிலில் வருஷா வருஷம் மே மாதம் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி நாள், கடைசி ஆட்டம். எங்கள் ஊர் டீமுக்கும், எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து வந்த டீமுக்கும் போட்டி. விசில் என் வாயில்.

நான் ஒரு டெய்லர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டெய்லருக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

எங்கள் ஊர் டீமுக்குப் பனியன் தைத்துக் கொடுப்பது என் கடைதான். முதல் வருஷம் முதுகில் வைத்துத் தைக்க வேண்டிய நம்பர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அது நாலில் ஆரம்பித்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம் எங்கப்பா? அவங்க மூணு பேரும் பனியன் இல்லாமலா ஆடுவாங்க?" என்று கேட்டேன். கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணாச்சி, ரெஃப்ரி விரலைக் காட்டித்தான் பேசுவாரு. ஒரு விரல்னா ஒரு பாயிண்டு, ரெண்டு விரல்னா ரெண்டு. மூணு விரல்னா கோல் அடியில மூணு செகண்டுக்கு மேல நின்னுட்டாம்னு அர்த்தம். அதையே நம்பராவும் வச்சா டேபிள்ல எழுதுதவன் கொழம்பிருவாம்லா?"

விரலாலேயே ஒரு பாஷை! அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தையல் மெஷின் பக்கத்தில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு, காஜா எடுக்கிற இடைவெளியில் ஒரு வரி, பட்டன் கட்டுகிற இடைவெளியில் ஒரு வரி என்று படித்தேன். திருநெல்வேலியில் நடந்த ரெஃப்ரி பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டேன். மறு தடவை தேறினேன். அதன்பிறகு சின்னச் சின்ன ஆட்டங்களில் ஊதி ஊதி எனக்கும் ஒரு பெயர் வந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் சொல்வார்: "நம்ம டெய்லர் ஊதுனா ஆடுதவன் மட்டுமில்ல, ரோட்டுல போற சைக்கிளும் நிக்கும்." எங்கள் ஊர் ஆட்கள் பேசுவதைக் கேட்பதற்கே டிக்கெட் போடலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரெஃப்ரி வேலை என்றால் ஊதுவது. உள்ளே இறங்கினால்தான் தெரியும். பத்துப் பேர் ஓடுவார்கள். அந்த இருபது காலையும் இருபது கையையும் பார்த்துக்கொண்டே நாமும் ஓட வேண்டும். எங்கள் மைதானம் மண் தரை. சுண்ணாம்பால் போட்ட கோடு பத்து நிமிஷத்தில் பாதி அழிந்துவிடும். மீதிப் பாதியில் ஜனங்கள் நிற்பார்கள். "கோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். "நாங்க மூணு மணிக்கே வந்து நிக்கோம் அண்ணாச்சி. நீங்கதான் பொறவு வந்து எங்க காலு மேல கோடு போட்டிய" என்றார். இவரை எந்த விதியில் அடக்குவது?

அன்றைக்கு இரண்டாவது பாதியில், மேற்குப் பக்கக் கோலில் கட்டியிருந்த வலை அறுந்து விழுந்தது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தறி உண்டு. தறிக்காரர் ஒருவர் முறுக்கு நூலில் முடிந்து கொடுத்த வலை அது. பாவம், நாலு நாள் அடி தாங்கியதே பெரிது. மாற்று வலை இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "வலையா கோல் போடுது? ரிங்கு இருக்குல்லா, போதும். நடத்தும் வே. பரிசு குடுக்க வந்தவரு ஆறரை பஸ்ஸுக்குப் போணுமாம்."

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். வலை வெறும் அழகுக்கு இல்லை. பந்து உள்ளே விழுந்ததா, வளையத்தை ஒட்டி வெளியே விழுந்ததா என்று கண்ணுக்குக் காட்டிக் கொடுப்பதே அதுதான். புத்தகத்தில் வரி வரியாகப் படித்த எனக்கு அந்த நேரம் பஸ்தான் பெரிதாகத் தெரிந்தது.

இன்னும் நாற்பது செகண்டு. புளியங்குடி ஒரு பாயிண்டு முன்னால். பந்து எங்கள் ஊர்ப் பையன்கள் கையில்.

இரண்டு ரெஃப்ரிகளில் ஒருவர் கோல் அடியில் நின்று இடி, தள்ளு எல்லாம் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நின்றவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. மற்றவர் பின்னால் நின்று பந்து போகிற வழியைப் பார்க்க வேண்டும். அது நான். எங்கள் ஊர் ஏழாம் நம்பர், வலை அறுந்த அந்த மேற்குக் கோலைப் பார்த்து ஓரத்திலிருந்து எம்பி எறிந்தான். புளியங்குடிக்காரன் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு கூடவே எம்பினான். கையில் அடித்தானா இல்லையா என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. நிம்மதியாகக் கண்ணைத் திருப்பினால் பந்து கோலுக்குக் கீழே தரையில் குதித்துக்கொண்டிருக்கிறது. "கோல்!" என்று ஊரே கத்தியது. என் கை தானாக எழும்பி இரண்டு விரலைக் காட்டி இறங்கியது.

புளியங்குடி கேப்டன் பந்தை எடுத்தான். கோட்டுக்கு வெளியே போய் எறிய வேண்டியவன், நேராக என்னிடம் வந்தான். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. "சார், நீங்க பாத்தியளா?" என்று மட்டும் கேட்டான்.

உள்ளே போனதா என்று கேட்டிருந்தால் போனது என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டான். பார்க்கவில்லை. ஊர் கத்தியதைக் கேட்டுத்தான் விரலைக் காட்டியிருக்கிறேன்.

விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். கோல் அடியில் நின்ற குமாஸ்தாவிடம் போய், "நீங்க பந்தைப் பாத்தீங்களா?" என்றேன். "நான் இடியப் பாத்துட்டிருந்தேன். மேல பாக்குதது உம்ம வேலைல்லா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீரு வாயத் தொறக்காட்டா ஒருத்தனுக்கும் தெரியாது வே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. என் கடை இந்த ஊரில்தான் இருக்கிறது என்பதை நினைத்துச் சொன்னார். டேபிளில் கணக்கு எழுதுகிறவர்களைக் கேட்டேன். இரண்டு பேரும் எங்கள் ஊர்தான். "போன மாதிரிதான் இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பென்சிலைப் பார்த்தார்.

போன மாதிரி இருந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் பாயிண்டு கிடையாது. டேபிளுக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் பாக்கலை. பாக்காம காட்டுனது என் தப்பு" என்று சொல்லி, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையையும் குறுக்கே வீசினேன். கோல் செல்லாது என்று அதற்கு அர்த்தம்.

அதன்பிறகு வந்த சத்தம் இருக்கிறதே! "டெய்லரே, நீரு தச்ச பனியனுக்கே குழி தோண்டுதீரா?" "ஏலே, புளியங்குடிக்காரன் ஒரு மூட எலுமிச்சம்பழம் குடுத்துட்டாம்லே!" "ஊசியில நூல் கோத்துக் கோத்துக் கண்ணு அவிஞ்சிட்டு போல!" அந்தக் கோபத்திலும் கடைசி ஆள் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பந்து யாருக்கு என்று முடிவாகாததால், நடு வட்டத்தில் இரண்டு டீமுக்கும் பொதுவாகத் தூக்கிப் போட்டேன். புளியங்குடிக்காரன் தட்டி எடுத்தான். அவர்கள் எறிந்தது கோலில் விழவில்லை. எங்கள் பையன்கள் கடைசியாக எறிந்தது பலகையில் மோதித் திரும்பியது. மணி அடித்துவிட்டது. எங்கள் ஊர் ஒரு பாயிண்டில் தோற்றது.

எங்கள் கேப்டன் என்னைத் தாண்டிப் போகும்போது, "இனிமே ஒங்க கடைப் பக்கம் வரமாட்டோம் அண்ணாச்சி" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. என் மனைவி கேட்டாள்: "நெசமாவே உள்ள போயிருந்தா?"

"போயிருக்கலாம்."

"பொறவு எதுக்கு அழிச்சிய?"

"நான் பாக்கலட்டி."

தட்டை எடுத்து வைத்தாள். "சரி, கையக் கழுவுங்க. சோறு ஆறுது" என்றாள். அவள் அதற்கு மேல் பேசாதது எனக்கு ஒரு பெரிய ஆதரவாக இருந்தது.

கேப்டன் சொன்னதைச் செய்தான். டீம் பனியன் வேறு கடைக்குப் போயிற்று. அந்தப் பையன்களின் சட்டை, அவர்கள் அண்ணன் தம்பி சட்டை என்று ஒவ்வொன்றாக என் கடையை விட்டு நகர்ந்தன. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு நிற்க நேரமில்லாமல் தைக்கிறவன், அந்த வருஷம் கடை வாசலில் நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்தேன். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. பலநாள் தோன்றியது.

மறு வருஷம் ஏப்ரல் கடைசியில் அதே கேப்டன் சைக்கிளைக் கடை முன்னால் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். புதுப் பனியன் போட்டிருந்தான். கழுத்துப் பட்டி இளித்துக்கொண்டிருந்தது. என் கை துறுதுறுத்தது.

"பனியன் வேற கடையில தச்சாச்சு அண்ணாச்சி. அதுல மாத்தம் இல்ல."

"சரிப்பா."

"ஆனா ஃபைனலுக்கு நீங்கதான் ஊதணும். வெளியூர் டீம்காரங்க எல்லாரும் ஒங்களத்தான் கேக்காங்க."

"வெளியூர்க்காரன் கேப்பான். நீ எதுக்குக் கேக்க?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்க ஊதி நாங்க ஜெயிச்சா, எவனும் எங்களப் பாத்து ஒரு வார்த்த பேச முடியாதுல்லா?"

எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். என்னை ஒருவன் அளவெடுத்துச் சொன்னது அன்றைக்குத்தான். வலை அறுந்தால் ஆட்டம் நிற்கும், எவர் பஸ் போனாலும் சரி என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஒப்புக்கொண்டான். அந்த ஃபைனலையும், அதன்பிறகு பல வருஷத்து ஃபைனல்களையும் நான்தான் ஊதினேன்.

அந்தப் பந்து உள்ளே போனதா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது; ஆனால் தெரியாததைத் தெரியாது என்று என் ஊருக்கு நடுவில் நின்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் தைரியம் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.