வெந்நீர்க் குழாய்க்கு ஒரு செருப்பு

எழுபதுகளில் தேவிகுளம் பக்கத்து ஒரு தேயிலை எஸ்டேட் பேக்டரியில் நான் தற்காலிக பிட்டர். ரோலர், டிரையர், ஆயில் என்ஜின், எதுவானாலும் கழற்றி மாட்டுவேன். ஆனாலும் 'பெர்மனென்ட்' ஆகவில்லை. பெர்மனென்ட் ஆனால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தனி வீடு. கல்யாணமாகி எட்டு மாதம். நானும் என் மனைவி பேச்சியம்மாளும் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் குடியிருந்தோம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

1. டப்

மேனேஜரை நாங்கள் தொரை என்போம். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அப்போதிருந்தவர் திருச்சூர்க்காரர். ஒருநாள் காலையில் அவருடைய பங்களா பட்லர் சின்னப்பன் பேக்டரிக்கே வந்துவிட்டார்.

"கருப்பையா, தொரை குளிக்கிற டப்புல குழாய் ஒழுகுது. பின்வாசல் வழியா வா. காலைக் கழுவிட்டு வா. எதையும் தொடாதே."

"தொடாம எப்படிண்ணே ரிப்பேர் பண்றது?"

"குழாயை மட்டும் தொடு."

சின்னப்பன் அப்படித்தான். பங்களாவே அவர் பாட்டன் சொத்து என்பது போல நடப்பார்.

கழனித்தொட்டிக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி நாலு கால் வைத்த மாதிரி இருந்தது டப். மேலே இரண்டு குழாய். ஒன்று பச்சைத்தண்ணீர், மற்றது வெந்நீர். வெந்நீர்க் குழாய்தான் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திருகும் தண்டு, ஸ்பிண்டில், அதைக் கழற்றினேன். வாஷர் தேய்ந்து பிய்ந்திருந்தது. ஸ்டோரில் அந்த சைஸ் இல்லை. லயத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஒரே வைத்தியம்தான், ரப்பர் செருப்பு. பின்வாசலில் விட்டிருந்த என் செருப்பை எடுத்து, குதிகால் பக்கம் வட்டமாக வெட்டி மாட்டினேன். திறந்தேன், மூடினேன். சொட்டவில்லை. சின்னப்பன் குழாய்க்குக் கீழே விரலை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

பங்களா பாய்லரைச் சாயங்காலம்தான் விறகு போட்டு எரிப்பார்கள். ஆக, நான் சோதித்தது பச்சைத்தண்ணீரில். வெந்நீர்க் குழாயில் வெந்நீர் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் லயத்தில் வெந்நீர் என்றால் அடுப்பில் பானை. குழாயில் அது வந்து நான் பார்த்ததே கிடையாது. அதனால் புத்திக்குத் தெரிந்தது கைக்கு உறைக்கவில்லை.

2. சோப்பு

சாயங்காலம் ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் தொரை இடுப்பில் டவலும் தலையில் சோப்பு நுரையுமாக நிற்கிறார். வெந்நீர் இரண்டு நிமிஷம் வந்து, நூலாகி, நின்றுவிட்டதாம்.

குழாயைக் கழற்றினேன். சூட்டில் ரப்பர் இட்லி மாதிரி உப்பி வழியை அடைத்திருந்தது. தொரை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடோ, இது எந்தா?"

"ரப்பருங்க தொரை."

"எங்கத்தெ ரப்பர்?"

"செருப்புங்க."

"ஆரோட செருப்பு?"

"என்னோடதுங்க. பழசு இல்லீங்க, போன மாசம்தான் வாங்கினேன்."

சின்னப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். தனி வீடு போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்டரிக்கு ஓடி, என்ஜின் ஜாயின்ட்டுக்கு வைத்திருந்த, சூடு தாங்கும் பைபர் ஷீட்டில் ஒரு வாஷர் வெட்டி வந்து மாட்டினேன். அதற்குள் தொரை வாளித் தண்ணீரில் தலையைக் கழுவியிருந்தார்.

"சரியாச்சுங்க தொரை."

"காலையிலும் சரியாச்சுன்னுதான் நீ பறஞ்சே. இறங்கு."

"எங்கீங்க?"

"டப்புல. வெந்நி திறந்து குளி. நான் நோக்கட்டும்."

சின்னப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "தொரை, லயத்து ஆளு டப்புல..." என்று இழுத்தார்.

"அவனுக்கு சோப்பும் கொடு."

சோப்பை இரண்டு விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தார். காக்கி டவுசரோடு இறங்கினேன். கழுத்து வரை வெந்நீர். என் மேலிருந்த பேக்டரி கிரீஸ் எல்லாம் மிதந்தது. வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், சுகமாகவும் இருந்தது. தொரை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வருதா?"

"வருதுங்க."

"சூடு உண்டா?"

"இருக்குங்க."

மூடச் சொன்னார். ஒரு சொட்டு விழவில்லை.

"வேற ஒருத்தன்னா பாய்லர் மேல பழி போட்டிருப்பான். நாளைக்கு ஆபீசுக்கு வா. பெர்மனென்ட் பேப்பர்ல ஒப்புப் போடறேன்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குழாய் மூடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த வீட்டுக்காரர் எப்படிப் புழங்குவாரோ அப்படிப் புழங்கிப் பாருங்கள். அடுப்படிக் குழாய் என்றால் நான் ஒரு பாத்திரமாவது கழுவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். சில வீட்டம்மாக்கள் இதற்காகவே என்னைக் கூப்பிட்டதாகக் கேள்வி.

அன்றைக்கு லயத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னால் அண்ணனும் நம்பவில்லை, மதினியும் நம்பவில்லை. பேச்சியம்மாள் மட்டும் கிட்டே வந்து என் தோளை முகர்ந்து பார்த்தாள்.

"தொரை சோப்புதான்" என்றாள். "சாவி எப்பத் தருவாங்க?"